திருகினால் எழவில்லை, அழுத்தினால் நிற்கவில்லை: ஒப்பனைக் குழாய்களின் பழுதை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

முதலில் கையை நிறுத்துங்கள். லிப்ஸ்டிக் எழவில்லை என்றதும் இன்னும் பலமாகத் திருகுகிறோம். ஒப்பனைப் பேனாவில் குழம்பு வரவில்லை என்றதும் இருபது முறை அழுத்துகிறோம். சரிசெய்யக்கூடிய பழுது அந்த ஒரு நிமிடத்தில்தான் சரிசெய்ய முடியாததாக மாறுகிறது. நான் தருமபுரியில் மணப்பெண் ஒப்பனை செய்கிறேன். பதினான்கு ஆண்டுகளில் என் பெட்டியிலிருந்து குப்பைக்குப் போன கருவிகளில் பாதிக்கு மேல், பழுது தொடங்கிய பிறகு கை கொடுத்த அழுத்தத்தால் போனவை.

ஒரு வைகாசி முகூர்த்தம். தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு மண்டபம், விடியற்காலை நான்கரை மணி. புடவை, சடை, நெற்றிச்சுட்டி எல்லாம் முடிந்து உதட்டுக்கு வந்தேன். அந்தப் பெண்ணே விரும்பி வாங்கி வைத்திருந்த அரக்கு நிற லிப்ஸ்டிக். திருகினேன், எழுந்தது. உதட்டில் வைத்து இழுத்தேன், உள்ளே இறங்கியது. மூன்றாவது முறை வேகமாகத் திருகியபோது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு அது எழவே இல்லை. சுத்தமான கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்து, தூரிகையால் பூசி முடித்தேன். மணப்பெண் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய முகத்தில் ஓடிய கவலையை நான் பார்த்தேன். அதற்குக் காரணம் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முளை.

அந்தக் குழாயை ஓசூரில் இருக்கும் என் அண்ணனிடம் எடுத்துப் போனேன். சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மோல்டு ஃபிட்டர், அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளைப் பொருத்துபவர். அவர் அதைப் பிரித்து மேசையில் நான்கு துண்டுகளாக வைத்தார். “இதில் எந்த இரண்டு ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டும், எந்த இரண்டு ஒன்றில் ஒன்று வழுக்க வேண்டும்? சொல் பாப்பா” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்ட பிறகு, என்னிடம் வரும் எந்தக் கருவியையும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். நீட்டிச் சுருக்கும், அளவு மாற்றும் ஒப்பனைக் கருவி எதுவானாலும் அதில் ஓர் இறுக்கமான பொருத்தமும் ஒரு தளர்வான பொருத்தமும் இருக்கும். பழுது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும் இடம் மாறிவிட்ட நிலையைத்தான்: பிடிக்க வேண்டியது வழுக்குகிறது, வழுக்க வேண்டியது பிடிக்கிறது.

திருகுகிறது, ஆனால் லிப்ஸ்டிக் எழவில்லை

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியாது. லிப்ஸ்டிக் குச்சி ஒரு சிறு கிண்ணத்தில் நிற்கிறது. கிண்ணத்தின் இரு பக்கமும் இரண்டு முளைகள். கிண்ணத்தைச் சுற்றி நேராக மேலிருந்து கீழே பிளவு விட்ட ஓர் உள்குழாய். அதற்கும் வெளியே, உட்சுவரில் திருகாணி மரை போலச் சரிந்து ஏறும் பள்ளம் கொண்ட இன்னொரு குழாய். முளை பிளவின் வழியாக வெளியே நீண்டு அந்தச் சரிவுப் பள்ளத்தில் உட்காருகிறது. பிளவு அதைச் சுற்ற விடாது, பள்ளம் அதைச் சும்மா இருக்க விடாது. ஆகவே அது ஏறுகிறது. அமெரிக்காவின் நாஷ்வில்லைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூஸ் மேசன் 1923இல் திருகு லிப்ஸ்டிக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டுக்கு மேலாகியும் அடிப்படை யோசனை மாறவில்லை.

இதில் பிடித்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. அடிப்பாகம் உள்குழாயைப் பிடித்திருக்க வேண்டும். பளபளப்பான வெளி வளையம் சரிவுப் பள்ளக் குழாயைப் பிடித்திருக்க வேண்டும். வழுக்க வேண்டியது முளை மட்டும்.

மூடியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் குழாயின் வாய்க்குள் பாருங்கள். உள்குழாயின் விளிம்பு தெரியும். அடியை மெதுவாகத் திருகுங்கள். விளிம்பு அசையாமல் அடி மட்டும் சுற்றினால் அடி கழன்றுவிட்டது. இதுதான் மிக எளிய பழுது. அடியை நேராக இழுத்துக் கழற்றுங்கள், இரண்டு பாகத்தையும் எண்ணெய் போகத் துடையுங்கள். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை உள்குழாயின் அடியில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, அடியை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். ஒரு சுற்று போதவில்லை என்றால் ஒன்றரை. உடனே ஒட்டும் பசையைத் தொடவே தொடாதீர்கள். அது நீர் போல மெலிந்தது. இடுக்கில் தானாக ஊர்ந்து போய்ப் பள்ளத்தை ஒட்டிவிடும், அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளை பூக்கும். ஒட்டியே தீர வேண்டும் என்றால் இரண்டு குழம்பைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பசையில் கடுகளவு, அடியின் உட்சுவரில் மட்டும் தடவி, ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள்.

உள்குழாயும் கிண்ணமும் வெளி வளையத்துக்குள்ளே ஒன்றாகச் சுற்றுகின்றன, ஏறவில்லை என்றால் வளையத்துக்கும் பள்ளக் குழாய்க்கும் உள்ள பிடி போய்விட்டது. சோதிக்க ஒரு வழி உண்டு. கண்மைப் பென்சிலால் உள்குழாயின் விளிம்பில் ஒரு புள்ளியும், அதை ஒட்டிய பள்ளக் குழாயின் விளிம்பில் ஒரு புள்ளியும் வையுங்கள். திருகும்போது இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே நகர்ந்தால் இந்தப் பழுதுதான். வளையத்தைத் தற்காலிகமாக மேலே உருவிவிட்டு, பள்ளக் குழாயையே விரலால் பிடித்துத் திருகினால் லிப்ஸ்டிக் எழும். அன்றைய வேலை நடக்கும்.

புள்ளிகள் விலகுகின்றன, கிண்ணம் அப்படியே இருக்கிறது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது என்றால் முளை முறிந்துவிட்டது. தீர்த்தமலையில் எனக்கு நடந்தது இதுதான். இதற்கு மருந்து இல்லை. லிப்ஸ்டிக்கைச் சிறு கரண்டியால் எடுத்து, சுத்தமான தட்டையான டப்பாவில் அழுத்தி வைத்துக்கொண்டு தூரிகையால் பயன்படுத்துங்கள்.

இனி, சுற்றவே மறுக்கும் குழாய். எங்கே மறுக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இடறினால், மோல்டின் இரு பாதிகள் சேரும் கோட்டில் பிளாஸ்டிக் பிசிறு நிற்கிறது. புதிதாக வாங்கியதென்றால் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைச் சீவுவது வீட்டு வேலை அல்ல. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகினால் பள்ளத்தில் லிப்ஸ்டிக் மசி ஏறியிருக்கிறது, அல்லது குளிர். மசிக்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: குச்சி நீண்டிருக்கும்போதே மூடியைப் போட்டது. நசுங்கிய லிப்ஸ்டிக் கிண்ணத்தைத் தாண்டி இறங்கிப் பிளவுக்குள் போய்விடுகிறது. பல்குச்சியின் முனையில் மெல்லிய துணியைச் சுற்றிப் பிளவைத் துடையுங்கள். குளிர் என்றால் உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்திருங்கள், போதும்.

எழுகிறது, ஆனால் உதட்டில் அழுத்தினால் இறங்குகிறது

நல்ல குழாயைத் திருகும்போது கை ஒரு கனத்தை உணரும். விலை உயர்ந்ததன் அடையாளம் என்று அதை நினைக்கிறோம். அங்கே தடவியிருக்கும் கெட்டியான சிலிக்கான் கிரீஸ் அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தரும் தடை அது. அதுதான் பிரேக். அது போனால் திருகுவது வெண்ணெயாக இருக்கும், குச்சி நிற்காது.

பிரேக்கை நாமேதான் கழுவிவிடுகிறோம். கொரோனா காலத்தில் நானும் எல்லாக் குழாய்களையும் கிருமிநாசினியில் மூழ்க வைத்தேன். அடுத்த மாதத்திலேயே பாதிக்கு மேல் இறங்கத் தொடங்கின. கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடிகளில் மயிரிழை விரிசல்கள் விழுந்தன. ஆல்கஹால் பட்டால் அந்த வகைப் பிளாஸ்டிக் அப்படித்தான் வெடிக்கும். கிருமி போக வேண்டியது குச்சியின் மேல்பரப்பில். குழாயின் வயிற்றில் அல்ல. மேல்தோலை ஒரு காகிதக் கைக்குட்டையால் வழித்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் குச்சியின் மேல் மட்டும் லேசாகத் தெளித்துக் காயவிடுங்கள்.

இறங்கும் குழாயைச் சரிசெய்ய முதலில் அதை முழுவதுமாக, கடைசிவரை திருகிப் பாருங்கள். பல குழாய்களில் சரிவுப் பள்ளம் உச்சியில் கிடையாகத் திரும்பி ஒரு சிறு மாடம் போல முடியும். முளை அங்கே போய் உட்கார்ந்தால் மேலிருந்து அழுத்தினாலும் இறங்காது. பாதி உயரத்தில் நிறுத்தினால் சரிவில்தான் நிற்கும். மாடம் இல்லாத குழாய் என்றால், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அடிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள கோட்டின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பூசுங்கள். எளிய தீர்வு, ஆனால் எந்த மண்டபத்திலும் வேலை செய்யும். தேங்காய் எண்ணெய், வாசலின் இவற்றை உள்ளே விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். தருமபுரியில் ஆண்டில் எத்தனை பகல் 24 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? அது பிரேக் போடாது, இன்னும் வழுக்கவே வைக்கும்.

குச்சி கிண்ணத்தில் ஆடுகிறது, கழன்று வருகிறது, வியர்க்கிறது

இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிண்ணம் குச்சியைப் பிடித்திருக்க வேண்டும்; அந்தப் பிடியை எண்ணெயும் வெப்பமும் தளர்த்துகின்றன.

லிப்ஸ்டிக்கின் முக்கியமான எண்ணெய்களில் ஒன்று ஆமணக்கெண்ணெய். நம் பாட்டிகள் விளக்கேற்றிக் கண்மைக்குக் கரி பிடித்தார்களே, அதே எண்ணெய். அதைத் தாங்கிப் பிடிப்பது மெழுகுகள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், கார்னோபா மெழுகு 80ஐத் தாண்டி உருகும். கேட்டால் பத்திரமாகத்தான் தோன்றும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே குச்சி இளகிவிடும். சித்திரை வெயிலில் அரூர் பஸ் நிலையம் அருகே கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் எளிதாக 50ஐத் தாண்டும். அங்கே இளகி, இரவில் இறுகி, மறுநாள் மறுபடி இளகினால் எண்ணெய் மெழுகை விட்டுப் பிரிந்து முத்து முத்தாக மேலே வருகிறது. அதுதான் வியர்வை. துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம், நிறம் கெடுவதில்லை. ஆனால் அதே எண்ணெய் கிண்ணத்தின் சுவரிலும் வந்திருக்கும், ஆட்டம் அங்கிருந்து தொடங்கும்.

குச்சியை காகிதக் கைக்குட்டையால் பிடித்து முழுதாக வெளியே எடுங்கள். கிண்ணத்தின் உட்புறத்தை உலரத் துடையுங்கள். அங்கே மெல்லிய வரிகள் புடைத்திருக்கும்; பிடிப்பதே அவைதான், அவற்றைச் சுரண்டிவிடாதீர்கள். எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஈரம் துடைத்து, குச்சியின் அடிப்பக்கத்தில் ஒரு நொடி தொட்டு இளக்கி, கிண்ணத்தில் நேராக அமர்த்துங்கள். பிறகு குளிர்பெட்டியில் அரை மணி நேரம். உறைபெட்டியில் வேண்டாம். அதிகம் குளிர்ந்தால் குச்சி சுருங்கி, நாம் அமர்த்திய பிடியே விட்டுப் போகும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டிலேயே லிப்ஸ்டிக் வார்க்கப் பழகும் பெண்கள் சிலர் காலிக் குழாய்களை வாங்கிவந்து, “எல்லாக் குச்சியும் ஆடுகிறதே அக்கா” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குச்சியின் விட்டத்தைப் பாருங்கள். சந்தையில் 12.1 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன. 12.1 வார்ப்பில் எடுத்ததை 12.7 கிண்ணத்தில் வைத்தால் சுற்றிலும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விழும். கண்ணுக்குத் தெரியாது, உதட்டுக்குத் தெரியும். வார்ப்பையும் குழாயையும் ஒரே அளவில் கேட்டு வாங்குங்கள். விற்பனைக்கென்று செய்வதானால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் தேவை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

திருகு காஜல்: வெளியே வந்தது உள்ளே போகவில்லை, நுனி உடைகிறது

பல திருகு காஜல்கள் முன்னால் மட்டுமே போகும். எதிர்ப்பக்கம் திருகும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வந்து முனை அசையாவிட்டால் அது பழுது அல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். உள்ளே தள்ளுவதற்காக விரலால் அழுத்தினால் மெழுகு நசுங்கிப் பக்கச்சுவரில் அடைத்துக்கொள்ளும். அதிகமாக வந்த துண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டி ஒரு சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள், தூரிகையால் பூசலாம்.

உடைவதற்குக் காரணம் நீளம். முனையில் ஒரே அழுத்தம் கொடுத்தாலும் குச்சி இரண்டு மடங்கு நீண்டிருந்தால் வேரில் விழும் வளைவு இரண்டு மடங்காகும். 2 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். இதோடு நம் பகுதிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தை மாத முகூர்த்தத்துக்குத் தளிக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போனால், விடியலில் காஜல் சுண்ணாம்புக்கட்டி போல இருக்கும். இமையில் வைத்து இழுத்தால் நிறம் விழாது. நிறம் விழவில்லையே என்று அழுத்துவோம், உடையும். அதே காஜல் பங்குனியில் பென்னாகரத்தில் கூழாகக் கிடக்கும். குளிர்ந்த ஊரில் முனையை மூடியோடு உள்ளங்கையில் பொத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். வெயில் ஊரில் ஈரத்துணி சுற்றிய டப்பாவில் எடுத்துப் போங்கள்.

மாதக்கணக்கில் கிடந்த காஜல் மெலிந்து பிடிப்பானில் ஆடினால் மூடியைச் சந்தேகியுங்கள். நீண்ட நேரம் நிற்கும் வகைகளில் ஆவியாகும் திரவம் சேர்த்திருப்பார்கள். மூடி ‘கிளிக்’ என்று உட்காராவிட்டால் அது பறந்துவிடும், குச்சி சுருங்கும். சுருங்கியது திரும்ப வராது.

மஸ்காரா: அப்புகிறது, அல்லது ஒட்டவே இல்லை

அந்தக் காலத்தில் மஸ்காரா கட்டியாக இருந்தது. ஈரத் தூரிகையால் தேய்த்துப் பூசுவார்கள். ஹெலினா ரூபின்ஸ்டைன் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த மஸ்காரா-மேட்டிக் குழம்பையும் வரிப்பள்ளம் போட்ட உலோகக் கோலையும் ஒரே குழலில் வைத்தது. அதிலிருந்து வளர்ந்த இன்றைய குழலில் பலரும் கவனிக்காத பாகம் ஒன்று உண்டு: கழுத்துக்குள் செருகியிருக்கும் சிறு ரப்பர் வளையம். பிரஷ் வெளியே வரும்போது மிகுதியை வழித்துவிடுவது அதுதான். எவ்வளவு மை இமைக்கு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பிரஷைவிட அந்த வளையத்தின் துளை. வளையம் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும், கோல் வளையத்தில் வழுக்க வேண்டும்.

மை அப்பினால் குழலின் வாயைப் பாருங்கள். வளையம் கோலோடு சேர்ந்து பாதி வெளியே வந்திருக்கும். சுத்தமான ஐஸ்கிரீம் குச்சியின் தட்டை முனையால் சுற்றிலும் சமமாக அழுத்தி உள்ளே அமர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் கோல் வளைந்திருக்கிறது. வளைந்த கோல் வளையத்தின் ஒரு ஓரத்தைத் தள்ளி மறு ஓரத்தில் இடைவெளி விடும். ‘சளக்’ என்று குத்திக் குத்தி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது உள்ளே காற்றைத் தள்ளி மையை உலர்த்துகிறது, வளையத்தையும் பிடுங்குகிறது. பிரஷைக் குழலின் வாயோரம் வழிப்பதும் வேண்டாம். அந்த மை மரையில் காய்ந்து, மூடி முழுதாக இறங்காமல் போகும். மிகுதியைக் காகிதத்தில் வழியுங்கள்.

மூடியின் தலையைத் திருகினால் பிரஷின் வடிவமே மாறும் வகை ஒன்று இருக்கிறது. இளகிய ரப்பர் போன்ற பிரஷின் நடுவே ஒரு மெல்லிய கோல் ஓடும். திருகும்போது அது நுனியைப் பின்னால் இழுக்கும், பிரஷ் குட்டையாகி நடுவில் பருக்கும். மெல்லியதாக வைத்தால் இமை மயிரைப் பிரிக்கும், பருமனாக வைத்தால் அடர்த்தி தரும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. கண்ணின் உள்மூலைக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று என இரண்டு பிரஷ் தேடாமல் ஒரே கையில் முடிகிறது. அதனாலேயே இதில் வரும் பழுதுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தலை சுற்றுகிறது, பிரஷ் மாறவில்லை என்றால் பற்களுக்கு இடையில் மை காய்ந்து பாலம் கட்டியிருக்கிறது. பிரஷை ஒப்பனை நீக்கும் எண்ணெயில் ஊறிய பஞ்சில் ஐந்து நிமிடம் பொதிந்து வைத்து, பிறகு மென்மையான சோப்பு நீரில் அலசி, முழுக்கக் காயவிடுங்கள். ஒரு துளி ஈரம் குழலுக்குள் போனாலும் கிருமி வளர அது போதும். பிரஷ் எப்போதும் பருத்தே நிற்கிறது என்றால், பருத்த நிலையிலேயே பல நாள் மூடி வைத்திருக்கிறீர்கள். நீட்டியே கட்டி வைத்த ரப்பர் பட்டை சுருங்க மறப்பது போல அதுவும் தன் பழைய வடிவத்தை மறந்துவிடுகிறது. மெல்லிய நிலையில் இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள், ஓரளவு திரும்பும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பருத்த பிரஷைக் குழலுக்குள் செருகவே கூடாது. வளையத்தின் துளை மெல்லிய நிலைக்காக அளந்து செய்தது. பருமனோடு இரண்டு மூன்று முறை உள்ளே போனால் வளையம் கிழியும், அதன் பிறகு மை வழிக்க ஆள் இல்லை. பூசி முடித்ததும் முதலில் மெல்லியதாகத் திருகுங்கள், பிறகுதான் மூடி.

அழுத்தும் பேனா: ஒன்றும் வரவில்லை, அல்லது நிற்காமல் வருகிறது

கன்சீலர் (முகத்தின் கறைகளை மறைக்கும் குழம்பு), லிப் கிளாஸ் போன்றவை பேனா வடிவில் வருகின்றன. பின்பக்கத்தை ஒரு முறை அழுத்தினால் அல்லது திருகினால் உள்ளே ஒரு பல்வளையம் ஒரு பல் நகர்ந்து, திருகாணி கொஞ்சம் முன்னேறி, பிஸ்டனைத் தள்ளுகிறது. பல்வளையம் ஒரே திசையில்தான் நகரும். அதாவது தவறாக அழுத்தியதைத் திரும்பப் பெற முடியாது. முன்பக்கத்தில் குழம்பு மெல்லிய குழலையும் தூரிகையையும் கடந்து வர நேரம் எடுக்கும்.

புதிய பேனா 15, 20 அழுத்தம் வரை கேட்பது இயல்பு. பிறகு ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்தம் கொடுத்துவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். காத்திருக்காமல் ஆறு முறை அழுத்துபவருக்கு, ஐந்து நிமிடம் கழித்து ஆறு அழுத்தத்தின் குழம்பும் கன்னத்தில் வழியும். பலர் பழுது என்று கொண்டுவருவது இதைத்தான். சத்தம் வருகிறது, ஒரு மணி நேரமானாலும் ஒன்றும் வரவில்லை என்றால் தூரிகை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் நுனியைப் பொதிந்து வைத்துத் துடையுங்கள். அதன் பின்னும் வரவில்லை என்றால் பிஸ்டன் எல்லைக்கு வந்துவிட்டது, குழம்பு தீர்ந்தது.

யாரும் தொடாமலே ஒழுகும் பேனாவுக்குக் காரணம் உள்ளே சிக்கிய காற்று. தருமபுரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும்போது நாம் 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது, அதற்கேற்ப உள்ளே இருக்கும் குமிழி விரிகிறது. 25 டிகிரியில் இருந்த பேனா வெயிலில் 45 டிகிரிக்கு ஏறினால் அது மட்டுமே சுமார் 7 சதவீத விரிவு. குமிழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. நுனி கீழே பார்த்தால் குமிழி குழம்புக்கு மேலே நின்று குழம்பை வெளியே தள்ளும். நுனி மேலே பார்த்தால் குமிழி நுனிக்கு வந்து, காற்று மட்டும் வெளியேறும். ஆகவே பயணத்தில் பேனாக்களை நுனி மேலாக நிறுத்தி வையுங்கள். என் பெட்டியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இதற்கென்றே இருக்கிறது.

பம்ப் அழுந்துகிறது, ஃபவுண்டேஷன் வரவில்லை

காற்றுப் புகாத வகைப் பாட்டிலா என்று பாருங்கள். உள்ளே உறிஞ்சு குழாய் இருக்காது. அடியிலிருந்து ஒரு தட்டு மேலே ஏறி வரும். அந்தத் தட்டு ஏற வேண்டுமானால் அதன் கீழே காற்று நுழைய வேண்டும். அதற்காக அடிப்பக்கத்தில் ஊசித்துளை ஒன்று விட்டிருப்பார்கள். விலைச்சீட்டையோ, பெயர் எழுதிய டேப்பையோ அதன்மேல் ஒட்டிவிட்டால் தட்டு நகராது. நானே என் பாட்டில்களுக்கு எண் எழுதி அடியில் ஒட்டி, மூன்று பாட்டில்களைத் தீர்ந்தது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். சீட்டை உரித்ததும் மூன்றும் வேலை செய்தன. துளை திறந்தே இருந்தும் வரவில்லை என்றால், பாட்டிலை உள்ளங்கையில் நான்கைந்து முறை தட்டிக் குமிழியை விலக்கிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

அளவு மாற்றும் பம்புகளில் கழுத்து வளையத்தைத் திருப்பினால் அழுத்தும் ஆழம் குறையும் அல்லது கூடும். ஆழமே அளவு. வளையம் இரண்டு குறிகளுக்கு நடுவில் நின்றால் பம்ப் பாதியில் முட்டி நிற்கும். குறிக்கு நேராகத் திருப்புங்கள், அவ்வளவுதான்.

நீளம் மாற்றும் பிரஷின் உறை நிற்கவில்லை

உலோக உறையை மேலே தள்ளினால் மயிர் அடர்ந்து குவியும், கீழே இறக்கினால் விரியும். உறை தானாக நழுவினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் பவுடர் படிந்து வழுவழுப்பாகியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாலே பெரும்பாலும் பிடிக்கும். கழுவும்போது மயிரின் நுனியை மட்டும் நனையுங்கள், தலைகீழாகக் காயவிடுங்கள். வேரில் தண்ணீர் இறங்கினால் பசை இளகி மயிர் கொட்டத் தொடங்கும், அது திரும்ப ஒட்டாது.

எதைச் சரிசெய்யவே கூடாது

கண்ணுக்குப் போகும் எதையும் தண்ணீரோ எண்ணெயோ விட்டு இளக்கி மீட்காதீர்கள். திறந்து மூன்று மாதம் ஆன மஸ்காரா, குழல் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் குப்பைக்குத்தான். கண் சிவந்தவருக்குப் பயன்படுத்தியது அன்றே போக வேண்டும். பார்லரில் ஒரு மஸ்காரா பிரஷை ஒருவருக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் கோல்களை எடுத்து, ஒரு கண்ணுக்கு ஒன்று, குழலுக்குள் இரண்டாம் முறை போகாமல் வேலை செய்யுங்கள். நான் எந்தக் குழலைத் திறந்தாலும் அன்றைய தேதியை அழியாத மையில் அதன் உடம்பில் எழுதிவிடுகிறேன். அடியில் மட்டும் எழுதுவதில்லை. அங்கே துளை இருக்கலாம்.